நாராயணவடிவும் சாம்பல் நிறப் புள்ளியும்

கன்னியாகுமரியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில், வேன் ஓட்டுநர் ஒருவரின் புதுக் கைபேசியில் எங்கள் செயலியை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. வடிவின் கணவர் வைகுண்டமணியின் எண். காலை நேரத்தில் அவர் என்னைக் கூப்பிடுவது வழக்கமில்லை. எடுத்தேன். "தாணு, வடிவு போயிட்டா" என்றார். எப்போது என்று கேட்டேன். "இப்பத்தான். ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. கண்ண மூடினா. அவ்வளவுதான்." அவர் குரலில் அழுகை இல்லை. பல மாதங்களாக எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்துவிட்ட களைப்பு மட்டும் இருந்தது. வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

"என்ன சார், ஆப் ஏறலியா?" என்று ஓட்டுநர் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் இறந்துவிட்டார், வடிவு என்று பெயர் என்றேன். அவர் சற்று யோசித்தார். "போன்ல பேசுவாவளே, அந்த மேடமா? 'அண்ணே, வண்டி ஓட்டும்போ போனத் தொடாதீங்க, இஞ்சயிருந்து நான் பாத்துக்கிடுகேன்'னு சொல்லுவாவளே?" ஆமாம் என்றேன். அவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் வேனில் சாய்ந்து நின்றார். வடிவை அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள். பிள்ளைகளைப் பள்ளி வேனில் அனுப்பும் தாய்மார்கள், தகப்பன்மார்கள், ஓட்டுநர்கள். நாராயணவடிவு என்ற பெயர் உங்களுக்கு ஒரு குரலாக மட்டுமே தெரிந்திருக்கும். அந்தக் குரலுக்குரியவர் யார், உங்கள் கைபேசிக்குள் என்ன செய்து வைத்தார் என்பதைப் பக்கத்து மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

எங்கள் நிறுவனம் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. பள்ளி வேன் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோரின் கைபேசியில் காட்டும் செயலியை நடத்துகிறோம். வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி நகரும், அதுதான் வேன். அந்தப் புள்ளியைத் திரையில் வரைவது என் வேலை. புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்ற செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது வடிவின் வேலை. ஓட்டுநர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வண்டியை எடுப்பார். திரை அணைந்திருக்கும். உள்ளே மட்டும் ஒரு நிரல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடி, வண்டி இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பின்னணிச் சேவை என்று பெயர். பெற்றோரின் கைபேசியிலும் அப்படி ஒன்று உண்டு. அது வந்த செய்தியை வாங்கித் திரையிடம் கொடுக்க வேண்டும். பின்னால் ஓடுவதற்கும் முன்னால் தெரிவதற்கும் இடையில் பேச்சு ஒழுங்காக நடக்காவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை.

வடிவின் அப்பாவுக்குக் கருங்கல் சந்தையில் பலசரக்குக் கடை. அய்யாவழி சமயத்தைப் பின்பற்றும் குடும்பம். வடிவு இங்கேயே பொறியியல் படித்து, சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்துவிட்டு, மகள் அபி பிறந்தபின் ஊர் திரும்பினார். எங்களிடம் சேர்ந்த அன்று, சன்னலோரம் காற்று வரும் மேசையை எங்கள் முதலாளி ராஜமணி அவருக்குக் காட்டினார். வடிவு அதைப் பார்த்தார், என் பக்கத்தில் மின்விசிறி எட்டாமல் கிடந்த மேசையையும் பார்த்தார். "திரை எழுதுற ஆளு நீதானா?" என்று என்னைக் கேட்டார். முதல் நாளே 'நீ'. நாங்கள் ஒரே வயது என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தார். ஆமாம் என்றேன். "அப்ப நான் இஞ்சதான் இரிக்கணும். நாம ரெண்டு பேரும் பேசலைன்னா ஆப் எப்படி மக்கா பேசும்?" என்று சொல்லிப் பையை அந்த மேசையில் வைத்தார். கடைசிவரை அந்த இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்போது எங்கள் செயலியில் ஒரு கோளாறு இருந்தது. திறந்ததும் சில நேரம் வரைபடம் வெறுமையாக இருக்கும். வேன் ஓடிக்கொண்டிருக்கும், புள்ளி இருக்காது. ராஜமணி சார் காரணம் கேட்டார். அவர் வியாபாரத்தில் கெட்டிக்காரர்; நிரல் எழுதத் தெரியாது. வடிவு சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்குப் போயிருக்கியளா?" போயிருக்கிறேன் என்றார் அவர். "அங்க மைக்கில விளிச்சுச் சொல்லுவாவ, காணாமப் போன பிள்ளை ஒண்ணு இஞ்ச நிக்கின்னு. அந்த நேரம் தாய்க்காரி கடற்கரையில நின்னா அவ காதுல விழுமா? விழாது. கொஞ்சம் கழிச்சு அவ ஓடி வரும்போ மைக்கில வேற என்னமோ பாடிக்கிட்டு இரிக்கும். நம்ம ஆப் இப்ப அந்த மைக்கு மாதிரி. சொல்லிட்டுப் போயிருது. திரை திறந்திருந்தா கேக்கும், இல்லைன்னா காத்தோட போச்சு. மைக்குப் பக்கத்தில ஒரு ஆளு இரிக்கணும் சார். யாரு எப்ப வந்து கேட்டாலும், கடைசியா நடந்தது இதுதான்னு சொல்லணும்." ராஜமணி சார் சிரித்துவிட்டார். "அப்ப ஆளைப் போடு" என்றார்.

வடிவு ஆளைப் போட்டார். வந்த செய்தியைப் பின்னணிச் சேவை நேரே திரையிடம் எறியாமல், கைபேசிக்குள்ளேயே ஓரிடத்தில் எழுதி வைக்கும்படி மாற்றினார். திரை எப்போது திறந்தாலும் முதலில் அங்கே போய்க் கேட்கும். கைபேசியைக் குறுக்காகத் திருப்பினாலும், நடுவில் வேறு அழைப்பு வந்து திரை அழிந்து மறுபடி பிறந்தாலும், சொல்ல வேண்டியது அங்கே காத்திருக்கும். இன்று இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது என்று இளையவர்கள் சொல்வார்கள். அன்று எங்கள் மாடியில் அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். நாங்கள் நன்றாகச் சண்டை போட்டோம். ஒவ்வொரு நொடியும் வண்டியின் இடம் தெரிய வேண்டும் என்று அவர் செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தார். அத்தனையையும் வரைய முடியாமல் என் திரை திணறியது. விரலால் தள்ளினால் வரைபடம் நகரவில்லை. "நீ மூச்சுக்கு மூச்சு அனுப்புனா நான் என்ன செய்வேன்?" என்று கத்தினேன். "ஒனக்க திரை சோம்பேறின்னா அதுக்கு நானா பழி?" என்று அவர் திருப்பிக் கத்தினார். சில நாள் பேச்சே இல்லை. அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டு ராஜமணி சார் மூலமாகச் செய்தி அனுப்பிக்கொண்டோம். கடைசியில் அவர்தான், "ரெண்டு பேருக்கும் நடுவில நான் பின்னணிச் சேவையா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது வடிவு. அன்று மத்தியானமே, திரை திறந்திருக்கும்போது மட்டும், வண்டி உண்மையில் நகர்ந்தால் மட்டும் சொல்வது என்று மாற்றிக் கொடுத்தார். "நீ சொன்னது சரிதான் மக்கா. கேக்க ஆளில்லாத நேரத்தில நான் என்னத்துக்குப் பேசிக்கிட்டு இரிக்கணும்?" தான் தவறு என்று தெரிந்தபின் அதைச் சுமந்துகொண்டு திரியும் பழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் ஒரு சம்பவம் நடந்தது. கருங்கல் பக்கத்துப் பள்ளி வேன் ஒன்று, மாலை பிள்ளைகளோடு கிளம்பியது. ஷீபா என்ற தாய் வீட்டிலிருந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே குளத்தங்கரை வளைவில் புள்ளி நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஓட்டுநருக்குப் போட்ட அழைப்பு போகவில்லை. குளமோ நிறைந்து கிடந்தது. ஷீபாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் மழையில் குளத்துக்கு ஓடினார்கள். ஓடியதில் ஷீபா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. குளத்தங்கரையில் வேன் இல்லை. வளைவைத் தாண்டியதும் மரம் விழுந்து வழி அடைத்திருந்ததால் ஓட்டுநர் வேறு பாதையில் போய், பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய புதுக் கைபேசி, மின்கலத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எங்கள் பின்னணிச் சேவையை அவருக்கே தெரியாமல் நிறுத்திவிட்டிருந்தது. திரையோ, கடைசியாகக் கேட்ட இடத்தை, இப்போதைய இடம் போலப் பச்சையாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஷீபா கையில் மாவுக்கட்டோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். ராஜமணி சார் தொழில்நுட்பக் காரணங்களைச் சொல்லத் தொடங்கினார். ஷீபா அவரைப் பார்க்கவில்லை; வடிவைப் பார்த்தார். "வண்டி குளத்தங்கரையில நிக்கின்னு ஒங்க ஆப் சொல்லிச்சு. என் ரெண்டு பிள்ளையளும் வெள்ளத்துக்க அடியில கெடக்குவுன்னு நெனச்சு ஓடினேன். அது பொய்யா சொல்லிச்சு?"

"பொய்தான் சொல்லிச்சு" என்றார் வடிவு. "அதுக்குத் தெரியாம இருந்தது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லிச்சு. போன் மேல, போன் கம்பெனி மேல நான் பழி போட மாட்டேன். நாங்க அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம். மாத்துகேன்."

சண்டை போடத் தயாராக வந்த ஷீபாவுக்கு எதிரில் சண்டைக்கு ஆள் இல்லை. வடிவு அவரை உட்காரவைத்து, எந்த நேரத்தில் என்ன பார்த்தார் என்று பொறுமையாகக் கேட்டார். பேருந்து நிறுத்தம் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கினார். "நிக்கிறதும் பேசாம இரிக்கிறதும் ஒண்ணில்ல தாணு" என்றார். வண்டி நகராமல் நின்றாலும் ஓட்டுநரின் கைபேசி அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். சில நிமிடங்கள் குரல் வராவிட்டால் பெற்றோரின் திரையில் புள்ளி பச்சையிலிருந்து சாம்பல் நிறமாக வேண்டும். கடைசித் தகவல் எத்தனை நிமிடங்களுக்கு முன் வந்தது என்பது அதன் கீழே பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். ஓட்டுநரின் கைபேசியிலும் சேவை ஓடுகிறது என்ற அறிவிப்பு மேலே நிலையாக நிற்க வேண்டும். அப்போதுதான் கைபேசி அதை எளிதில் நிறுத்தாது, நிறுத்தினாலும் ஓட்டுநருக்குத் தெரியும். மற்றவற்றை எல்லாம் ஒத்துக்கொண்ட ராஜமணி சார், சாம்பல் புள்ளியில் வந்து நின்றார்.

"வேண்டாம் வடிவு. அதப் பாத்தா ஆப் கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாவ. பள்ளிக்கூடத்துக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிருவாங்க."

"கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு தெரியணும் சார்."

"கொஞ்ச நேரம் பச்சையாவே நிக்கட்டுமே. அதுக்குள்ள சேவை உயிர் பிடிச்சிரும்."

"பிடிக்கலைன்னா?"

வடிவு குரலை உயர்த்தவில்லை. "இதச் செய்யலைன்னா இந்த ஆப்புல எனக்க கை இனிமே படாது. வேற வேலை எது தந்தாலும் செய்யுகேன்" என்று மட்டும் சொன்னார். ராஜமணி சார் சன்னல் பக்கம் போய் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பள்ளிக்கூடத்தில கேட்டா நீதான் வந்து பதில் சொல்லணும்" என்றார்.

கேட்டார்கள். கருங்கலில் பெற்றோர் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். பின் வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர். "முன்ன எப்பவும் பச்சையா இருக்கும். இப்ப நடுநடுவில சாம்பலாவுது. ஒங்க ஆப்ப நம்பணுமா, நம்பக் கூடாதா? ஒண்ணு சொல்லுங்க" என்றார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. வடிவு மேடையில் நிற்காமல் இறங்கி நடுவில் வந்து நின்றார். "முன்னயும் நடுநடுவில தெரியாமத்தான் இருந்தது அண்ணே. ஒங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான். பச்சையா இருந்தா நம்புங்க. சாம்பலா இருந்தா டிரைவருக்கு விளிங்க. அவரு எடுக்கலைன்னா எனக்கு விளிங்க." தன் எண்ணைக் கரும்பலகையில் எழுதினார். அன்றிலிருந்துதான் அவர் குரல் இந்த மாவட்டத்து வீடுகளுக்குள் போகத் தொடங்கியது. ராஜமணி சார் பயந்தபடியே ஒரு பள்ளி எங்களை விட்டுப் போனது. அதைப் பற்றி அவர் வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் பெருமழை கொட்டியது. கால்வாய்கள் உடைந்தன; தாழ்ந்த சாலைகளில் எல்லாம் வெள்ளம் ஏறியது. பள்ளிகளை மத்தியானமே விட்டார்கள். எங்கள் மாடியில் மின்சாரம் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியாக வீடு சேர்ந்தது. ஒன்று மட்டும் சாம்பலானது. ஷீபாவின் பிள்ளைகள் போகும் அதே வேன். கடைசித் தகவல் கால்வாய்ப் பாலத்துக்குச் சற்று முன்னால் இருந்து வந்திருந்தது. அந்தப் பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுகிறது என்று வேறொரு ஓட்டுநர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வடிவின் கைபேசி ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். ஷீபா. "வடிவு, சாம்பலா நிக்கி. பாலத்துக்க அந்தப் பக்கம். நான் ஓடல. வீட்டு வாசல்லதான் நிக்கேன். நீ சொல்லு, பிள்ளையளு எங்க?"

நான் வடிவின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிட்டால் தேவலை என்றே எனக்கு இருந்தது. "எனக்கும் தெரியல ஷீபா" என்றார் அவர். "பாலத்துக்கு முன்னால வரைக்கும் நல்லா வந்திருக்கு. அதுக்குப் பொறவு டவர் இல்லை. அந்த ரோட்டுல போற எல்லா டிரைவருக்கும் விளிக்கேன். தெரிஞ்சதும் மொதல்ல ஒனக்குத்தான் விளிப்பேன். நீ பாலத்துக்குப் போவாத. கேட்டியா?"

"கேட்டேன்" என்றது அந்தக் குரல்.

நானும் வடிவும் ராஜமணி சாரும் ஆளுக்கொரு கைபேசியோடு உட்கார்ந்தோம். நாங்கள் மூன்றாவதோ நான்காவதோ அழைத்த ஓட்டுநர், பாலத்துக்கு முன்னால் மேட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் முற்றத்தில் மஞ்சள் வேன் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். பிள்ளைகள் இருந்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. வடிவு மண்டபத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் அந்தப் புள்ளி துடித்தது. சிக்னல் திரும்பியிருந்தது. தொடர்பு இல்லாத நேரத்து இடங்களையும் ஓட்டுநரின் கைபேசி சேமித்து வைக்கும்படி வடிவு எழுதியிருந்தார். அவை எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. வேன் பாலத்தை நெருங்கி, நின்று, திரும்பி, மேடேறி, மண்டபத்துக்குள் போன வழி முழுவதும் கோடாகத் தெரிந்தது. புள்ளி பச்சையானது. அதற்குள் ஓட்டுநரே அழைத்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் மண்டபத்தில் சூடாகச் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவு சொன்னபடி முதலில் ஷீபாவை அழைத்தார். மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டது. வடிவு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். ஷீபாவே வைக்கும்வரை அவர் வைக்கவில்லை.

நோய் வந்ததையும் வடிவு எங்களிடம் நேராகவே சொன்னார். ஒரு திங்கள்கிழமை காலை, அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, வயிற்றில் புற்று, பரவியிருக்கிறது, திருவனந்தபுரத்தில் சிகிச்சை என்றார். "எனக்க நெலமை என்னன்னு கேட்டா சொல்லுவேன். கேக்காம எனக்க மூஞ்சியப் பாத்து நீங்களா ஒண்ண நெனைக்கப்பிடாது." பிறகு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். மருத்துவர் ஒருவர் அவருடைய கணவர் மணியைத் தனியாக அழைத்துப் பேச முயன்றபோதும், "சொல்ல உள்ளத என்கிட்ட சொல்லுங்க டாக்டர், உடம்பு எனக்கதாக்கும்" என்றாராம். மணி இதைப் பெருமையோடும் கொஞ்சம் வருத்தத்தோடும் என்னிடம் சொன்னார்.

ஆனால் ஒரு இடத்தில் வடிவால் அது முடியவில்லை. இதைச் சொல்லலாமா என்று மணியையும் அபியையும் கேட்டேன், சொல்லுங்கள் என்றார்கள். அபி அப்போது ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு வயிற்றுப்புண், மருந்தில் சரியாகிவிடும் என்றே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சிகிச்சைக்குப் போகும் நாட்களில் அலுவலக வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். "அவகிட்ட சொல்லலியா?" என்று ஒருமுறை கேட்டேன். வடிவு விசைப்பலகையில் இருந்து கையை எடுக்காமல், "அதில மட்டும் என்னால ஆவல மக்கா. அவ முகத்தப் பாத்தா வாய் வரமாட்டேங்கி" என்றார்.

அபிக்கு அய்யாவழி வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் வைத்துத்தான் தெரியவந்தது. பணிவிடைக்குப் போயிருந்த இடத்தில், உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிள்ளை அழவில்லை, கத்தவில்லை. அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடும். வடிவு அந்த நாட்களில் அலுவலகத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். நோய் வாட்டாத அளவுக்கு அது அவரை வாட்டியது. "அவ கேட்ட ஒரே கேள்வி என்ன தெரியுமா?" என்றார் ஒருநாள். "'ஊருக்கெல்லாம் சொன்ன, எனக்கு மட்டும் ஏன் சொல்லல?'ன்னு கேட்டா. நான் செஞ்சது சரியில்ல தாணு."

அன்று வீட்டுக்குப் போய் அபியைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். என்ன நோய், எந்த இடத்தில், மருத்துவர்கள் என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை. செத்துப்போவியா என்று அபி கேட்டாள். போவேன், எப்போது என்று தெரியாது என்றார். இரண்டு பேரும் அழுதார்கள் என்று மணி சொன்னார். அவர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அதன்பின் திருவனந்தபுரம் போகும் நாட்களில் அபியும் கூடப் போனாள். அம்மாவின் மருந்துகளின் பெயர்களை எல்லாம் தெரிந்துகொண்டாள். வடிவுக்குக் கிடைத்த கடைசி மாதங்களில் வேதனை நிறைய இருந்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அடக்கத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஓட்டுநர்கள் நேராக வந்திருந்தார்கள். கருங்கல் சந்தைக்குப் பின்னால் இருக்கும் வடிவின் வீட்டுத் தெருவில் ஓரமாக மஞ்சள் வேன்கள் வரிசையாக நின்றன. நெற்றியில் நாமம் இட்டு, அய்யாவழி வழக்கப்படி எல்லாம் செய்தார்கள். ஷீபா அபியின் பக்கத்திலேயே நின்றார்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நான் வடிவைக் கடைசியாகப் பார்த்தேன். கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். குரல் மெலிந்திருந்தது. அலுவலகப் பேச்சு வேண்டாம் என்று நினைத்துத்தான் போனேன், அவரே கேட்டார். புதிதாக வந்திருக்கும் கைபேசி ஒன்றில் அறிவிப்புகள் ஒழுங்காகத் தெரியவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையை நீட்டினார். "வாயால சொல்லாத. நீ பாக்கத எனக்குக் காட்டு." கைபேசியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அபியும் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அது அங்க மறைஞ்சு நிக்கி" என்று விரலால் காட்டினாள். வடிவு சிரித்தார். அந்தச் சிரிப்பு வெகுநேரம் முகத்தில் நின்றது.

அது அவர் எப்போதும் செய்ததுதான். கோபமாக வரும் தந்தையிடமும், செயலி ஓடவில்லை என்று புலம்பும் ஓட்டுநரிடமும், என்னிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். நீங்கள் பார்ப்பதை எனக்குக் காட்டுங்கள். அதைப் பார்த்தபிறகே தன் கருத்தைச் சொல்வார். நான் பெரும்பாலும் அதற்கு நேர்மாறானவன். என் திரையில் சரியாக இருந்தால் உலகம் முழுவதும் சரியாக இருக்கிறது என்று வாதாடுவேன்.

வடிவு பார்த்த வேலையை இப்போது ரெஜினா என்ற பெண் பார்க்கிறாள். சென்ற வாரம் அவளுக்கும் எனக்கும் வாக்குவாதம். என் பக்கம் சரியாக இருக்கிறது என்றேன் நான். அவள் பக்கம் இல்லை என்றாள் அவள். இரண்டு பேர் குரலும் உயர்ந்தது. நான் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். நீ பார்க்கிறதைக் காட்டு என்றேன். வடிவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இது ஒன்றுதான். ரெஜினா ஒரு கணம் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.